மாதா போகாத வீடு

பெத்ரோனிலா அடுத்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். கல்யாண வீடாகட்டும், எழவு வீடாகட்டும், சோளக் கள்ளான சிச்சாவைச் சுரைக்குடுவையில் வார்த்துக் கையில் கொடுத்தால் முதலில் குடுவையின் விளிம்பைப் பார்ப்பாள். பிறகு பூமித்தாய்க்கு ஊற்றுவாள். அது எல்லோரும் செய்வதுதான். நாலு சொட்டு தரையில் விட்டுவிட்டு மீதியை நாங்கள் குடிப்போம். பெத்ரோனிலா முக்கால் குடுவையை விடுவாள். மிச்சத்தையும் யாரும் பார்க்காத நேரத்தில் சுவரோரம் கவிழ்த்துவிடுவாள். எங்கள் மோயேபம்பாவில் பூமித்தாய்க்கு அவளைப்போல் வாரி வழங்கியவர்கள் கிடையாது.

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவள் பிறந்த வீடு அப்படி. மண்கல் சுவர், வைக்கோல் கூரை, சுவரெல்லாம் விரல் நுழையும் வெடிப்பு. விளக்கை அணைத்ததும் அந்த வெடிப்புகளிலிருந்து வின்சூகாப் பூச்சிகள் இறங்கும். தட்டையாக இறங்கி வந்து, தூங்குகிறவர்களின் முகத்தில் உட்கார்ந்து ரத்தம் குடித்து, திராட்சைப்பழம் மாதிரி உப்பி, குடித்த இடத்திலேயே பேண்டுவிட்டுப் போகும். அந்தப் பீயில்தான் நோய் இருக்கிறது. தூக்கத்தில் சொறிந்தாலோ கண்ணைக் கசக்கினாலோ உள்ளே இறங்கிவிடும். இறங்கியது பல வருஷம் சத்தமில்லாமல் நெஞ்சுக்குள் குடியிருக்கும். அவளுடைய அப்பா உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். ஊரில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான் போனார்கள், ஆகவே யாரும் ஆச்சரியப்படவில்லை.

அப்பா போன பிறகு அவளை டவுனில் கன்னியாஸ்திரிகள் விடுதிக்குப் படிக்க அனுப்பினார்கள். முதல் நாளே உடன் படித்த பெண்கள் அவள் கம்பளியை முற்றத்தில் உதறிப் பார்த்தார்கள். ஒன்று விழுந்தது. படிப்பு முடிகிறவரை அவளுக்குப் பெயரே வின்சூகா. சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாகக் கிடந்தது. இன்றைக்கும் பெத்ரோனிலா பேச்சுக்கு நடுவில் திடீரென்று தன் சட்டைக் கையை உதறுவாள். எதற்கு என்று கேட்டால் தூசி என்பாள்.

கல்யாணத்துக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, வீட்டுக்கு உள்ளும் புறமும் சிமெண்டுப் பூச்சு, மேலே தகரம். அனிசெத்தோ கொத்தனார்தான், ஆனாலும் மலைத்துப் போனான். வருஷத்தில் பாதி நாள் கீழ்நாட்டுக்கு இறங்கிக் கரும்பு வெட்டி, சம்பாதித்ததையெல்லாம் கொண்டுவந்து சுவரில் பூசினான். சுண்ணாம்பும் அடித்து முடித்தபோது, எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்தபடி வெள்ளையாக இருந்தது அந்த வீடுதான்.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். பெத்ரோனிலாவுக்கு அது இரண்டு பதவிகளும் போட்டது.

முதல் பதவி பூச்சிக்காரி. வீட்டில் வின்சூகா கண்டால் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் அதை டவுனுக்கு அனுப்புவாள். டவுனிலிருந்து மருந்தடிக்க ஆள் வரும். தீப்பெட்டியை அவள் கையால் வாங்க மாட்டாள். தணல் எடுக்கும் இடுக்கியை நீட்டுவாள்.

"எங்க புடிச்ச?"

"கட்டிலுக்கு மேல, அக்கா."

"கட்டிலுக்கு மேல ஏறி வர்ற வரைக்கும் நீ என்னடி, சுவத்துல படம் பாத்துட்டு இருந்தியா?"

வந்தவள் கூனிக் குறுகிப் போவாள். பூச்சி கொண்டுவந்தவளைத் திட்டினால் அடுத்த பூச்சியை எவள் கொண்டுவருவாள்? இதைப் பெத்ரோனிலாவிடம் சொல்ல ஊரில் ஒருவருக்கும் நெஞ்சு இல்லை.

இரண்டாவது பதவி மாதாவைப் பார்த்துக்கொள்வது. ஊர்க்கோவில் பழைய மண்கட்டு. திருவிழாவுக்கு வருகிறவர்கள் விடிய விடிய ஜெபம் சொல்லி அங்கேயே படுத்துத் தூங்குவார்கள். ஒரு மழைக்காலத்தில் அதன் கூரை உள்ளே விழுந்துவிட்டது. பீடத்துக்குப் பின்னால் மரப்பெட்டியில் இருந்த சின்ன மாதா சொரூபம் மட்டும் அடிபடாமல் தப்பியது. மாதா செய்த புதுமை, அற்புதம் என்று ஊரே அழுதது. அந்த மாதாவை எந்த வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது யாரும் யோசிக்கவே இல்லை. வெள்ளை வீடு இருக்கும்போது வேறு எங்கே வைப்பது?

பெத்ரோனிலா மாதாவுக்கு நீலப் பட்டில் புதுப் பாவாடை தைத்தாள். ஓரமெல்லாம் வெள்ளை மணி கோத்தாள். பெட்டியின் உட்புறம் சிவப்பு வெல்வெட் ஒட்டினாள். அதோடு ஒரு வழக்கத்தையும் அவளே தொடங்கிவைத்தாள். கோவில் மறுபடி எழும்புகிறவரை மாதா வாரத்துக்கு ஒரு வீடாகப் போய்த் தங்குவாள். குடும்பம் தூங்கும் அறையில், கட்டிலின் தலைமாட்டில் பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெத்ரோனிலா போய்ப் பெட்டியை முதுகில் கட்டி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவாள். புறப்படும்போது எல்லோரும் பாவாடை ஓரத்தை முத்தமிடுவார்கள். பிள்ளைகளின் கண்ணை அந்த ஓரத்தால் துடைத்துவிடுவாள். கண்ணேறு படாது என்று நம்பிக்கை.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் மாதா போகவில்லை.

மேலே, பாறைகளின் அடியில், ஊரின் கடைசி வீடு செனோபியாவுடையது. புருஷன் செத்துப்போனவள், கோழிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். அடுப்படியில் கோழி, கட்டிலில் கோழி, அவள் தொப்பிக்குள்ளும் ஒன்று அடைகாக்கும். சிரித்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது பெத்ரோனிலா கம்பளியால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். மறைவாக அல்ல, ஊர் பார்க்கவே பொத்துவாள்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் செனோபியா கேட்டேவிட்டாள்.

"ஏன்க்கா, நம்ம வீட்டுக்கு மாதா எப்ப வருவா?"

"உன் கோழியெல்லாம் என்னைக்குக் குளிக்குதோ, அன்னைக்கு வருவா."

குழாயடி முழுக்கச் சிரித்தது. செனோபியாவும் சேர்ந்துதான் சிரித்தாள். "போகுது போ. முட்டைக்கு ஆசப்பட்டாவது வருவான்னு பாத்தேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டதைப் பெத்ரோனிலா பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் குடத்தின் வாயை இன்னொரு தடவை கழுவினாள்.

மருந்தடிப்பு ஆட்கள் வந்து ஒவ்வொரு வீடாக அடித்துவிட்டுப் போன பிறகு தீப்பெட்டி வரத்து நின்றிருந்தது. மாதா வீடு வீடாகச் சுற்றத் தொடங்கியதற்கு அடுத்த வருஷம் மறுபடி ஆரம்பித்தது. முதலில் ஊர்த்தலைவர் பவுஸ்தீனோ வீட்டில். பிறகு அவருடைய தம்பி வீட்டில். பிறகு வரிசையாகக் கீழ்த்தெரு முழுக்க. மறுபடி மருந்தடித்தார்கள். ஓய்ந்தது, திரும்ப வந்தது. எங்கிருந்து வருகிறது என்று ஊருக்குத் தெரியாதா? மூக்கு இருக்கிறவனுக்கெல்லாம் தெரியும். மேலே, கோழிப்பீ நாறும் வீட்டிலிருந்துதான்.

இந்தச் சமயத்தில் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் அம்பாரோ வந்தார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. பூச்சிகளின் மரபணுவைப் படிக்கிறவர். தீப்பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொரு பூச்சியின் காலையும் முறித்துச் சின்னக் குப்பியில் போட்டார். வயிற்றைத் தனியாக எடுத்துக்கொண்டார். ஊர்க்கூட்டத்தில் கோக்கா இலையை மென்றபடி எல்லோரும் அவரை வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒவ்வொரு பூச்சிக்குள்ளயும் அதோட வம்சக் கத இருக்கு" என்றார் அம்பாரோ. "யாரோட பிள்ள, யாருக்குப் பங்காளி, எல்லாம் படிக்கலாம். ஆதியில இது பாறை இடுக்குல காட்டுக் குய்யெலியோட ரத்தத்தக் குடிச்சுட்டு வாழ்ந்துச்சு. மனுஷன் குய்யத் தின்னப் புடிச்சு அடுப்படியில வளத்தான் பாருங்க, அப்பவே இதுவும் கூட வந்திருக்கும்னு நெனக்கிறோம். வீட்டுக்கு வந்தது ஒரு வம்சமாச்சு, பாறையிலயே தங்கினது வேற வம்சமாச்சு."

பவுஸ்தீனோ இலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "எங்க வம்சத்தயே எவனும் படிக்கல. பூச்சி வம்சத்தப் படிக்க ஜீப்புல வந்திருக்காங்க, பாருங்கப்பா."

கூட்டம் சிரித்து அடங்கும்வரை அம்பாரோ பொறுத்திருந்தார். "வயித்துல இருக்குற ரத்தம் கோழியோடதா, நாயோடதா, மனுஷனோடதான்னும் சொல்லிருவோம். உங்ககிட்ட எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தோட ஒப்பிட்டா, எந்த மனுஷன்னு கூடச் சொல்ல முடியும்."

இதைக் கேட்டதும் இரண்டொரு ஆம்பிளைகளின் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ராத்திரி எங்கே படுத்திருந்தோம் என்பதைப் பூச்சி காட்டிக் கொடுத்துவிடுமோ என்ற பயம். எங்கள் ஊரின் யோக்கியதை அது.

பெத்ரோனிலா மட்டும் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். "மேல் வீட்டுப் பூச்சிய நல்லாப் படிங்க டாக்டரம்மா. ஊரு அழியறதுக்கு முன்னால படிங்க."

அடுத்த வாரம் அவளுடைய சொந்த வீட்டில், அந்த வெள்ளைச் சுவரில், மகள் லிஸ்பெத்தின் தலையணைக்கு மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. பட்டப்பகல். குடித்து உப்பி, நகர முடியாமல் இருந்தது. பூச்சிக்காரி என்ன செய்திருக்க வேண்டும்? தீப்பெட்டியில் அடைத்து டாக்டருக்கு அனுப்பியிருக்க வேண்டும். பெத்ரோனிலா செருப்பைக் கழற்றி அடித்தாள். சுவரில் ரத்தம் தெறித்தது. சுரண்டிச் சுண்ணாம்பு பூசினாள். அனிசெத்தோவிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளை வீட்டில் வின்சூகா! டவுனில் கம்பளியை உதறிய அந்தப் பெண்கள் எங்கோ நின்று சிரிப்பது அவளுக்குக் கேட்டது. செனோபியாவின் கோழி ஏதோ ஒன்று இந்தப் பக்கம் மேய வந்திருக்கும் என்று முடிவு கட்டினாள். முடிவு கட்டியதும் மனம் லேசானது. பழியை இறக்கிவைக்க ஒரு முதுகு கிடைத்தால் யாருக்குத்தான் லேசாகாது?

அதன் பிறகு லிஸ்பெத்தின் கண் வீங்கியது. வலது கண், நாலு வயசுக் குழந்தையின் முகத்தில் எலுமிச்சம்பழம் ஒட்டியது மாதிரி, ஊதா நிறமாக, திறக்க முடியாமல். எங்கள் ஊரில் அந்த வீக்கம் எதற்கு வரும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். டவுனில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆமாம் என்றார்கள். மாத்திரை உண்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குணமாகும், விடாமல் கொடுங்கள் என்றார்கள். பெத்ரோனிலா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே பவுஸ்தீனோவின் வாசலுக்குப் போய்க் கூச்சல் போட்டாள்.

"எங்கப்பன வாரிக் குடுத்தாச்சு. இப்ப எம்புள்ள. இன்னும் யாரு வேணும் இந்த ஊருக்கு? அந்த நாத்தம் புடிச்ச வீட்ட இன்னும் எதுக்கு விட்டு வச்சிருக்கீங்க?"

அன்றே ஊர் கூடியது. பேச்சு நீளவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை செனோபியாவின் வீட்டைக் கூரையோடு கொளுத்துவது. கோழிகளை அறுத்துவிடுவது. அவளை வேண்டுமானால் டவுனுக்கு அனுப்புவது. கீழ்நாட்டுக்குப் போனாலும் சரி. மண்ணெண்ணெய் நான் தருகிறேன் என்றாள் பெத்ரோனிலா. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செனோபியா ஒரு வார்த்தைதான் கேட்டாள். "எங்க போவேன்?" யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. இதே ஜனங்கள்தான் தங்கள் பிள்ளைகளுக்கு அவள் வீட்டு முட்டையைக் கடன் வாங்கி அவித்துக் கொடுத்தவர்கள்.

வெள்ளிக்கிழமை அம்பாரோவின் ஜீப் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் பெத்ரோனிலாவின் வீட்டில் பவுஸ்தீனோவையும் உட்கார வைத்துப் பேசினார்.

"அந்த வீட்ட எரிக்காதீங்க. செனோபியா கோழிக்கூண்டுல கெடச்ச பூச்சி பாறை வம்சம். மேல இருக்குற கல்லுல இருந்து இறங்கினது. வயித்துல கோழி ரத்தம் மட்டும்தான் இருந்துச்சு. உங்க கீழ்த்தெருப் பூச்சிங்க வேற. அதெல்லாம் வீட்டு வம்சம். மனுஷ ரத்தம் குடிச்சது. அதுலயும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி அவ்வளவு நெருங்கின சொந்தம்."

"அதெப்படி? என் வீடு அந்தக் கோடி, தம்பி வீடு இந்தக் கோடி" என்றார் பவுஸ்தீனோ.

"அதத்தான் நானும் கேக்குறேன். மருந்தடிச்ச ஊருல, ஒரே குடும்பத்துப் பூச்சி அத்தன வீட்டுக்கும் தானா நடந்து போகாது. ஏதோ ஒண்ணு சுமந்துட்டுப் போகுது. தலைவர் பவுஸ்தீனோ வீட்டுல புடிச்ச பூச்சியோட வயித்துல அவரு தம்பி ரத்தம் இருக்கு. அங்க குடிச்சுட்டு இங்க வந்திருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வீட்டுக்கெல்லாம் போய்ட்டு, செனோபியா வீட்டுக்கு மட்டும் போகாதது என்ன?"

"நல்லவங்க காலு" என்றாள் பெத்ரோனிலா.

பவுஸ்தீனோ தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்பாரோ சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் போலீசோடு வரப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் எங்கள் மலைக்கு ஏறி வந்ததை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அந்த வாரம் லிஸ்பெத்துக்காக மாதாவைத் தன் வீட்டிலேயே வைத்திருந்த பெத்ரோனிலா, அவர்கள் போன பிறகு பெட்டியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடை மாற்ற வேண்டும். பாவாடை ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் இருந்தன. அவை பல நாளாகவே இருந்தன. மெழுகுவர்த்திப் புகை என்று அவள் நினைத்திருந்தாள். ஈரத்துணியால் தேய்த்தாள். புகை என்றால் கரைந்து சாம்பலாக வரும். இது மஞ்சளும் கறுப்புமாக இழுசியது. சின்ன வயதில், பிறந்த வீட்டுச் சுவரில், தினமும் கண்விழித்துப் பார்த்த அதே கோடு.

அவள் கை நின்றது. ஓரத்தில் தான் கோத்த மணிகளை உற்றுப் பார்த்தாள். மணிகளுக்கு நடுவே, மடிப்புகளில், நூல் நுழையாத மணிகளும் இருந்தன. நீள்வட்டமாக, வெள்ளையாக, சிலது இளஞ்சிவப்பாக. நகத்தால் ஒன்றை அழுத்தினாள். வெடித்தது.

வெல்வெட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மரத்துக்கும் துணிக்கும் இடையே அவை அடுக்கடுக்காக ஒட்டிக் கிடந்தன. பெரிசு, சிறிசு, நேற்றுப் பொரித்தது. வெளிச்சம் பட்டதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்ளே நகர்ந்தன. பெட்டிக்குள்ளிருந்து எழுந்த வாடை அவளுக்குப் பழக்கமான வாடை. அவளே பசை தடவி, சுருக்கம் இல்லாமல் நீவி ஒட்டிய வெல்வெட் அது. இதைவிட வசதியான வீட்டை வின்சூகாவுக்கு யாரும் கட்டிக் கொடுத்ததில்லை. மருந்தடிக்க ஆள் வரும் போதெல்லாம் மாதாவின் மேல் மருந்து படக்கூடாது என்று பெட்டியை முதல் ஆளாக வெளியே தூக்கி வந்து, மோயே மரத்து நிழலில் மடியில் வைத்துக் காப்பாற்றியவளும் அவள்தான்.

அந்த ஓரத்தை ஞாயிறுதோறும் முத்தமிட்ட தன் உதடு நினைவுக்கு வந்தது. ஊர் முழுக்க வரிசையில் நின்று முத்தமிட்ட உதடுகள் நினைவுக்கு வந்தன. பிறகு லிஸ்பெத். கண் வீங்குவதற்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை, தூக்கக் கலக்கத்தில் இருந்த குழந்தையின் கண்ணை அந்த ஓரத்தால் அழுத்தித் துடைத்தாள். ஓரம் ஈரமாக இருந்தது. பூவிலிருந்து சொட்டிய தண்ணீர் என்று நினைத்து, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று இன்னொரு தடவையும் துடைத்தாள்.

பெத்ரோனிலா பெட்டியை மூடி, உரச் சாக்குக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, சோளக் குதிருக்குப் பின்னால் தள்ளினாள். உதட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நாக்கையும் கழுவினாள்.

அவள் யோசித்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது? ரொட்டி அடுப்பில் பெட்டியைப் போட்டு எரித்துவிடலாம் என்று யோசித்தாள். மெழுகுவர்த்தி சாய்ந்துவிட்டது என்று சொன்னால் ஊர் அழும். புதுப் பெட்டி வாங்கித் தரும். ஞாயிற்றுக்கிழமை செனோபியாவின் வீடும் எரியும். பிறகு பூச்சி வராது. பூச்சி வராததே, அந்த வீடுதான் காரணம் என்பதற்குச் சாட்சியாகிவிடும். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. சனிக்கிழமை முழுக்க அவள் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். லிஸ்பெத் மாத்திரையைத் துப்பித் துப்பி அழுதது. தூக்கிக் கொஞ்ச வாயைக் கொண்டுபோனவள், பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஊர் இப்படித்தான் நடக்கும், நடந்துவிட்டுப் போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவுஸ்தீனோ வந்து கதவைத் தட்டினார்.

"என்னம்மா உக்காந்துட்ட? மாதாவ எடு. ஊர்க்காரியம் எதுவா இருந்தாலும் மாதா முன்னால போகணும்ல? நீயே ஏற்படுத்தின வழக்கம்."

ஆம், நீர்க்கால்வாய் வெட்டினாலும் பாதை போட்டாலும் மாதாதான் முன்னால் போவாள். அதை மறந்தே போயிருந்தாள். சாக்கை அவிழ்த்துப் பெட்டியை எடுத்து, கம்பளியில் கட்டி முதுகில் ஏற்றினாள். நடக்கும்போது உள்ளே ஏதோ ஊர்வதுபோல் முதுகெல்லாம் கூசியது. பின்னால் ஊர் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தது. நடுவில் மண்ணெண்ணெய் டப்பா. அருள் நிறைந்த மரியே என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்பிள்ளையின் வீட்டைக் கொளுத்தப் போகிற ஜனங்களை நினைத்தால், கோழிப்பீ எவ்வளவோ மேல்.

செனோபியா வாசலில் நின்றாள். கட்டில், இரண்டு பானை, ஒரு மூட்டை, எல்லாம் வெளியே கிடந்தன. கோழிகள் இன்னும் உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தன. அவள் யாரையும் திட்டவில்லை. பெத்ரோனிலாவின் முதுகிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள்.

"ஒருவழியா வந்துட்டா" என்றாள்.

"உள்ள கொண்டு போம்மா" என்றார் பவுஸ்தீனோ. "மாதா ஒருதடவ உள்ள போய் வரட்டும். அப்பறம் பத்த வைக்கலாம்."

வாசற்படி ஓரடி தூரத்தில் இருந்தது. உள்ளே ஒருதரம் போய்வந்தால் போதும். நாளைக்கு யார் பெட்டியைத் திறந்து பார்த்தாலும், இங்கேதான் ஏறியது என்று சொல்லிவிடலாம். பெத்ரோனிலா காலைத் தூக்கினாள். தூக்கிய காலை வைக்க முடியவில்லை.

"மாதா இந்த வீட்டுக்குள்ள போகக் கூடாது" என்றாள்.

"இப்பவுமாடி?" என்று செனோபியா கத்தினாள். அன்றுதான் முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "எரிக்கப் போற வீட்டுக்குள்ள கூடவா வரக் கூடாது?"

பெத்ரோனிலா முதுகிலிருந்த கம்பளி முடிச்சை அவிழ்த்தாள். பெட்டியை வாசல் மண்ணில் இறக்கித் திறந்தாள். மாதாவை எடுத்து, பாவாடையை உருவி, தலைகீழாக உதறினாள். வெல்வெட்டைக் கிழித்துப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். பொலபொலவென்று விழுந்தன. ஜெபமாலை பாதி வரியில் நின்றது.

"ஐயோ, மாதாவே" என்று யாரோ பின்வாங்கினார்கள்.

முதலில் வாய் திறந்தவர் பவுஸ்தீனோதான். "பாத்தீங்களா? நாஞ்சொன்னேன்ல? இவ கோழியில இருந்துதான் மாதா மேலயே ஏறியிருக்கு!"

"எப்பண்ணே ஏறுச்சு?" என்றாள் பெத்ரோனிலா. "மாதா இந்த வாசப்படியே மிதிச்சதில்லையே. நான்தான் விடலையே. உங்க வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உங்க தம்பி வீட்டுக்குக் கொண்டு போனேன். கட்டில் தலமாட்டுல நானே வச்சேன். இவ வீட்டுக்கு மட்டும்தான் கொண்டு வரல. டாக்டரம்மா கேட்டாங்களே, எது போகலன்னு? இதுதான் போகல."

பவுஸ்தீனோவின் பக்கத்தில் நின்ற அவர் மனைவி காசிமிரா அந்த நீலப் பாவாடையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லப் புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். பிறகு காறித் துப்பினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் துடைத்தாள். ஆம்பிளைகள் தொப்பியால் துடைத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக் கண்ணைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தார்கள். ஒரு ஊரே நின்று வாயைத் துடைக்கும் அசிங்கத்தை அன்றுதான் மோயேபம்பா பார்த்தது.

"நாலு வருஷமா எங்க தலமாட்டுல இதக் கொண்டாந்து வச்சியேடி!" என்று காசிமிரா பெத்ரோனிலாவின் முகத்துக்கு நேரே கத்தினாள். "நாறச் சிறுக்கி! எங்களயா சுத்தம் கத்துக்கச் சொன்ன?"

அதற்குள் கோழிகள் வந்துவிட்டன. மண்ணில் ஊர்ந்தவற்றை ஒவ்வொன்றாகக் கொத்தி விழுங்கின. விரட்ட யாருக்கும் தோன்றவில்லை. மண்ணெண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்தவன், அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு பெட்டியின் மேல் ஊற்றினார்கள். மாதாவைச் செனோபியாவின் கட்டிலில் கிடத்திவிட்டுப் பெட்டியையும் பாவாடையையும் கொளுத்தினார்கள். எரிந்து முடிவதற்குள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிவிட்டார்கள். செனோபியாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக ஒருவருக்கும் வாயில்லை. துடைத்த வாய்கள்தானே.

பெத்ரோனிலா மட்டும் அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புகையில் தொண்டை எரிந்தது. செனோபியா பானைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மூட்டையை வைத்தாள். கட்டிலுக்கு வந்தபோது மாதாவைப் பார்த்தாள். ஒரு கந்தல் துணியை எடுத்து, உடம்பைச் சுற்றிக் கட்டி, பெத்ரோனிலாவின் பக்கத்தில் தரையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இதத் தூக்கிட்டுப் போ. எனக்கு வேணாம்."

"செனோபியா" என்றாள் பெத்ரோனிலா. இருமினாள். "கொஞ்சம் தண்ணி."

செனோபியா உள்ளே போனாள். சுரைக்குடுவை நிறையத் தண்ணீரோடு வந்தாள். பெத்ரோனிலா இரண்டு கையாலும் அதை வாங்கப் போனாள். விளிம்பைப் பார்க்கவில்லை. செனோபியா குடுவையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, பெத்ரோனிலாவின் உதட்டைப் பார்த்தாள். அவள் முகம் சுளித்தது. வேண்டுமென்று சுளித்த சுளிப்பு இல்லை, தானாக வந்தது.

"குடுவையில வாய வைக்காத" என்றாள். "கைய நீட்டு. ஊத்துறேன்."

பெத்ரோனிலா கைகளைக் குவித்து நீட்டினாள்.